சாந்தகுமார் டப்பாவைத் திறக்காத மாலை

செய்யாறு பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைச் சாமர்த்தியமாகப் பிடித்து உட்கார்ந்திருந்தபோது வேலை செய்யும் இடத்திலிருந்து போன் வந்தது. "சாந்தகுமார் சார் போயிட்டாருண்ணா." அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். என் முகத்தைப் பார்த்துப் பாதி பஸ்ஸே கூட இறங்கியது, நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆரணியில் எங்கள் பட்டுக்கூடத்தின் கம்ப்யூட்டர் தறிகளுக்கு டிசைன் அனுப்பும் புரோகிராமை எழுதியவர் அவர். வந்தவாசிப் பக்கத்துச் சமணர். ஒன்பதாவது வரை படித்த நான் அதை ஓட்டியவன். ஜில்லாவிலேயே அது தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவர் இருந்தவரை என் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

ஒருநாள் புது கம்பைலர் ஏற்றினார். அவர் எழுதும் மூல வரிகளை, அதாவது சோர்ஸை, மெஷினுக்கான கோப்பாக நெய்து தருவது அதுதான். புதியது கோப்பின் அமைப்பையே மாற்றிவிட்டதால், அதற்கு முன் நெய்த பழைய கோப்பு ஒன்றை ஏற்க மறுத்தது. அதை ஏற்றிவிட்டு அவர் ஊருக்குப் போயிருந்தார். முகூர்த்தப் புடவைகள் தறியில் நின்றன. அவருக்குப் போன் போட்டால் என் கௌரவம் என்னாவது? பழைய கோப்பின் தலைப்பிலிருந்த பதிப்பு எண்ணை மட்டும் புதியதாகத் திருத்தினேன். புடவைக்கு லேபிள் மாற்றுகிற மாதிரி. ஓடியது! அரை முழத்துக்குள் பார்டரில் அன்னங்களின் மூக்கு வாலில் முளைத்தது.

மத்தியானம் வந்தவர் கோபப்படவில்லை. "இன்னாண்ணா, சட்டைய மாத்திட்டா ஆளு மாறிடுவானா? பழசை ரிப்பேர் பண்ணாதீங்க. அழிச்சிட்டு சோர்ஸ்லேர்ந்து திரும்ப நெய்ங்க."

பழையதை எல்லாம் அழித்தார். புது கம்பைலர் வரிக்கு வரி முரண்டு பிடித்தது, ஒவ்வொன்றாகத் திருத்தினார். அன்னங்களுக்கு மூக்கு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது.

"சாப்பாட்டு டப்பாவைத் தொறய்யா, பசிக்கல?" என்றேன்.

"பொழுது போயிடுச்சிண்ணா. பொழுது சாஞ்சா நாங்க சாப்புடறதில்ல. இனிமே காலைலதான்."

அப்போதுதான் முதலாளி வந்தார். "எவன்யா கை வெச்சது? அவன் நாளைக்கு இங்க இருக்கக் கூடாது!"

நான் அறுந்த நூல் தேடுகிறவன் போலத் தறிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"கம்பைலர் மாத்தும்போதே பழைய கோப்பை அழிச்சிருக்கணும். வுட்டது என் தப்புங்க" என்றார் சாந்தகுமார், பட்டினியோடு.

அன்று தறிகளை ஓட வைத்தது நான்தான் என்று இங்கே கூடியிருக்கிற உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் டீயும் வாங்கித் தந்தீர்கள். ஓட வைத்தவர் அவர். என் வேலையைக் காப்பாற்றியவரும் அவர்.

இப்போதும் கம்பைலர் மாறினால் பழையதை அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து நெய்கிறேன். முடியும்வரை என் டப்பாவையும் திறப்பதில்லை. இதில் மட்டும் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.