ஏழு குடிசைகள் இருந்த ஏரிக்கரை

இன்று பேருந்து ஜன்னலில் அழுகிய ஆகாயத்தாமரை வாடை அடித்ததும், ஒன்பது வயதுவரை நான் வாழ்ந்த கொரட்டூர் ஏரிக்கரைக்கே போய்விட்டேன். அங்கே இருளர்கள் நாங்கள் ஏழு குடும்பம். விடியலில் அம்மா, மீன் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைத் தடவித் தடவி நகர்வாள். பக்கத்துக் குடிசைகளின் பேச்சும் அடுப்புப் புகையும் நீர்மேல் மிதந்து வரும்.

ஒரு பெருமழையில் நகரமே மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும், ஆக்கிரமிப்பு என்று எங்கள் குடிசைகளை மட்டும் இடித்தார்கள்.

“ஏரிய தூத்து மாடி கட்னவங்க அங்கியே கீறாங்க. நாங்க இன்னா சார் பண்ணோம்?” என்று அம்மா கேட்டாள். அதிகாரி லாரியைக் காட்டினார்.

மாற்று வீடு ஒதுக்கிய குலுக்கலில் குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. எங்களுக்குத் தொலைவில் ஒரு மூன்றாவது மாடி. யாராவது வருவார்கள் என்று அம்மா பகலெல்லாம் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம், அவளே எழுந்துபோய்ச் சாத்தினாள்.