சோத்துக்கைத் துப்பாக்கி

எனக்கு ஒரு துப்பாக்கி வாங்க வேண்டியிருந்தது. கடைக்கு மூன்று பேர் போனோம். சுடப்போகிறவள் நான், காசு கொடுக்கப்போகிறவள் நான். கூட வந்த இரண்டு ஆம்பிளைகளுக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டெக்சாஸில், சுகர் லேண்டில் இருந்தோம். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. மகளுக்கு ஐந்து வயது, கிண்டர்கார்டன் போய்க்கொண்டிருந்தாள். என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்த அமெரிக்க நர்ஸ் ஒருத்திக்கு ஊருக்கு வெளியே குடும்ப நிலம் இருந்தது. ஒரு சனிக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போனாள். மண்மேட்டுக்கு முன்னால் காலி டின்களை வரிசையாக வைத்துவிட்டு, என் கையில் ஒரு சின்ன ரைஃபிளைக் கொடுத்தாள். நான் அதை இடது தோளில் வைத்தேன். யோசித்தெல்லாம் வைக்கவில்லை, அது தானாக அங்கே போய் உட்கார்ந்தது. இடது கண்ணால் குறி பார்த்தேன், இடது கை விரலால் சுட்டேன், டின் விழுந்தது. "ஓ, நீ இடது கைக்காரியா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த டின்னைக் காட்டினாள். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் அடியோ திட்டோ வராமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் வீட்டில் வலது கைக்குச் சோத்துக்கை என்று பெயர். இடது கைக்குப் பீச்சாங்கை. எந்தக் கைக்கு என்ன மரியாதை என்று பெயரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் அம்மா என் இடது கையைப் பழைய சேலைக் கிழிசலால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலைத் திருப்பி, விளிம்பால் விரல் முட்டியில் போடுவார். ஏழு வயதுக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். எழுத்து வலது, சாப்பாடு வலது, பிற்பாடு நோயாளிக்கு ஊசி போடுவதும் வலது. துப்பாக்கியை மட்டும் யாரும் மாற்றவில்லை. இந்தப் பெண் என்றைக்காவது துப்பாக்கி பிடிப்பாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அதனால் அந்தத் தோள் அவர்கள் கண்ணில் படாமல் தப்பித்துவிட்டது.

எனக்கென்று ஒரு ரைஃபிள் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் இதுதான். சனிக்கிழமை குறி பார்த்துச் சுட, குளிர்காலத்தில் அந்தத் தோழியோடு முயல் வேட்டைக்குப் போக, விலை அதிகமில்லாத, அடிக்கடி சிக்கிக்கொள்ளாத ஒரு செமி ஆட்டோமேட்டிக். என் இடது தோளுக்கு ஒத்துவர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கணவர் முதலில் சிரித்தார். பிறகு, "சரி, அங்கிளைக் கேப்போம்" என்றார்.

அங்கிள் என்பவர் அடுத்த தெருவில் இருந்த தமிழர், எண்ணெய்க் கம்பெனி இஞ்சினியர், எங்களுக்கு முன்பே அமெரிக்கா வந்தவர். எங்கள் ஆட்களில் யார் கார் வாங்கினாலும், மெத்தை வாங்கினாலும், வாஷிங் மெஷின் வாங்கினாலும் அவர்தான் செலக்ட் பண்ணுவார். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேட்கிற காதை அவர் ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். இத்தனைக்கும் அவர் துப்பாக்கியை அதுவரை தொட்டதுகூட இல்லை. நாலு பத்திரிகை வாங்கிப் படித்துவிட்டு என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

"செமி ஆட்டோன்னா ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து லோடு பண்ண வேண்டாம்மா. ட்ரிகரை ஒரு தடவை அமுக்கினா ஒரு குண்டு. அதுவே அடுத்ததை ஏத்திக்கும். ஆட்டோ கியர் கார்னு வச்சுக்கோயேன்."

"தெரியும் அங்கிள். நான் சுட்டிருக்கேன்" என்றேன்.

"ஆங், நமக்கு முக்கியம் ரிலையபிளிட்டி" என்று அவர் என் கணவரைப் பார்த்துத் தொடர்ந்தார்.

நான் விடவில்லை. இந்த மாதிரித் துப்பாக்கி சுட்டவுடன் காலித் தோட்டாவை வலது பக்கம் வெளியே எறியும், வலது தோளில் வைக்கிறவருக்கு அது விலகிப்போகும், இடது தோளில் வைக்கிற எனக்கு மூஞ்சிக்கு முன்னால் குறுக்கே பறக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று இருவருக்கும் எடுத்துச் சொன்னேன். கணவர், "சரி சரி, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். காய்கறிக்கடையில் நின்றுகொண்டு குழந்தைக்குச் சொல்கிற சரி சரி அது.

அடுத்த சனிக்கிழமை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனோம். கவுண்டருக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர் என் கணவரிடம் நலம் விசாரித்தார். கேள்வி கேட்டது நான், பதிலைக் கணவரிடம் சொன்னார். ரைஃபிளையும் எடுத்துக் கணவரிடமே நீட்டினார். அவர் அதை அங்கிளிடம் கொடுத்தார். அங்கிள் மரக்கட்டைப் பகுதியைத் தர்பூசணியைத் தட்டுவது மாதிரி விரலால் தட்டிப் பார்த்தார். நான் ஒருத்தி அங்கே ஹேண்ட்பேக்கோடு நின்றுகொண்டிருந்தேன், ஏதோ அவர்களுக்கு லிஃப்ட் கொடுக்க வந்தவள் மாதிரி.

அங்கிள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதிகமாக விற்கிற மாடலாம், பழுதே வராதாம், விலையும் குறைவாம். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். தோட்டா வெளியேறும் வாய் வலது பக்கம். கன்னம் பதியும் மேடும் வலது கைக்காரருக்கென்றே செதுக்கியது. நான் கடைக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

கணவர் குனிந்து தமிழில் முணுமுணுத்தார். "பீச்சாங்கை அது இதுன்னு இங்க ஆரம்பிக்காத. அசிங்கமா இருக்கும்."

"அவருக்குத் தமிழ் தெரியுமா? லெஃப்ட் ஹேண்ட்னுதானே சொல்லப்போறேன். இதுல என்ன அசிங்கம்?"

"சொன்னாக் கேளேன்."

கடல் தாண்டி, கண்டம் தாண்டி வந்தும் மனிதருக்கு அந்தக் கை அசிங்கமாகவே இருந்தது. இங்கிலீஷில் அதற்கு நாற்றம் இல்லை. தமிழில் யோசித்த என் கணவருக்குத்தான் நாறியது. எங்கள் மகளும் இடது கைக்காரி. அவள் கிண்டர்கார்டன் டீச்சர் அதைப் பார்த்தவுடனே இடது கைக்கென்று செய்த கத்தரிக்கோலைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தாள். அந்த அளவு அக்கறையைக்கூடக் கட்டிய புருஷனிடம் என்னால் எதிர்பார்க்க முடியவில்லை.

கடையின் பின்பக்கம் சுட்டுப் பார்க்க இடம் இருந்தது. கண்ணாடி, காது மூடி எல்லாம் மாட்டிக்கொண்டு நான் அங்கிளின் தேர்வை இடது தோளில் வைத்தேன். முதல் சில காலித் தோட்டாக்கள் மூக்குக்கு முன்னால் பறந்தன. அடுத்தது எதிலோ மோதித் திரும்பி என் சட்டைக் காலருக்குள் போய் விழுந்தது. தாளிக்கும்போது கடுகு தெறித்தால் எப்படி இருக்கும், அது நகராமல் அங்கேயே ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. துள்ளத்தான் வந்தது. கையில் துப்பாக்கி இருக்கும்போது துள்ளக்கூடாது என்று என் தோழி சொல்லிக்கொடுத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, குழல் முன்பக்கம் பார்த்தபடி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சட்டையை உதறினேன். கழுத்தெலும்புக்குக் கீழே தோல் சிவந்து கொப்பளம் கட்டிவிட்டது.

"பாத்தியா? இதுக்குத்தான் எல்லாரும் வலது பக்கம் வச்சுச் சுடறாங்க" என்றார் அங்கிள். "ஒரு வாரம் பழகினா வந்துடும்மா."

கணவர் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "நீதான் சின்ன வயசுலயே எல்லாத்தையும் மாத்திக்கிட்டவளாச்சே. இதையும் மாத்திக்கோயேன்."

மாத்திக்கிட்டவளாம். நானாக ஆசைப்பட்டு மாற்றிக்கொண்டேனா? கட்டிப்போட்டு மாற்றினார்கள். அடித்து மாற்றினார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தோள், அதையும் இந்த மனிதர் ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

"மாத்தினதெல்லாம் போதும்" என்று சொல்லிவிட்டு நேரே கவுண்டருக்குப் போனேன். நான் இடது கைக்காரி, துப்பாக்கி எனக்கு, பணமும் என்னுடையது, தயவுசெய்து என்னைப் பார்த்துப் பேசுங்கள் என்று அந்தக் கடைக்காரரிடம் சொன்னேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்திருக்க வேண்டும், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் காலரைப் பார்த்தார், பழைய துப்பாக்கிகள் இருந்த வரிசையைக் காட்டினார். ஒவ்வொன்றாக நானே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. செமி ஆட்டோதான், ஆனால் காலித் தோட்டாவைப் பக்கவாட்டில் எறியாமல் கீழே தள்ளுகிற வகை. மரமெல்லாம் கீறல், விலை புதியதைவிடக் குறைவு. இருப்பதிலேயே மலிவான தோட்டா ஒரு பெட்டி வாங்கி முழுவதையும் சுட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. காலித் தோட்டாக்கள் என் காலடியில் சமர்த்தாக விழுந்துகொண்டிருந்தன.

"செகண்ட் ஹேண்டும்மா, வாரண்ட்டி கிடையாது" என்றார் அங்கிள்.

"என் கழுத்துக்கு யாரு அங்கிள் வாரண்ட்டி குடுப்பா?" என்றேன். வாங்கிவிட்டேன். கையெழுத்துக்குப் பேனாவை அந்தக் கடைக்காரர் பழக்கதோஷத்தில் மறுபடியும் என் கணவரிடம்தான் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பூட்டி வைத்தேன். அங்கிளின் மனைவி ஊருக்குப் போயிருந்ததால் அவருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. காலையிலேயே கோழிக்குழம்பு வைத்திருந்தேன். கோபம் இருந்தாலும் குழம்பைப் பரிமாறத்தானே வேண்டும். மேஜையில் கணவர் என்னை "வேட்டைக்காரி" என்று கேலி செய்தார், அங்கிள் சிரித்தார். வழக்கமாக ஸ்பூனில் சாப்பிடுகிற மகள், நாங்கள் கையால் பிசைவதைப் பார்த்துவிட்டுத் தானும் தட்டில் கை வைத்தாள். இடது கை.

அங்கிள் அன்பாகத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார். "அந்தக் கை வேண்டாம் கண்ணா. அது பேட் ஹேண்ட்." வலது கையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

மகள் எதிர்க்கவில்லை. இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்று தேடினாள். பிறகு அதை மேஜைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு, என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், "அம்மா, உன்னோட கெட்ட கை எது?"

என் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கெட்ட கை கிடையாது. உனக்கும் கிடையாது" என்றேன். பிறகு அங்கிளைப் பார்த்து, "காலைல என் துப்பாக்கி. இப்ப என் பொண்ணு கை. இனிமே எங்க வீட்டுல நீங்க எதையும் செலக்ட் பண்ண வேண்டாம் அங்கிள்" என்றேன்.

"நல்லதுதானேம்மா சொன்னேன்" என்றார் அவர். முகம் சுருங்கிவிட்டது. கணவர் என் பெயரை ஒரு தடவை அதட்டலாகச் சொன்னார். நான் வலது கையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, இடது கையைச் சோற்றில் வைத்தேன்.

எடுக்க வரவில்லை. விரல்கள் எப்படிக் குவிய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. சோறு பாதி வழியில் சிதறியது, குழம்பு முழங்கை வரை வழிந்தது, வாய்க்கு வந்து சேர்ந்தது நாலு பருக்கை. அன்று காலையில் ஒரு பெட்டித் தோட்டாவைக் குறி தவறாமல் சுட்ட கை அது. முப்பத்து நாலு வயதில் ஒரு வாய்ச் சோறு எடுக்க அதற்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மாமேல், அந்த டீச்சர்மேல், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த இரண்டு பேர்மேலும்.

அவர்கள் கை கழுவ எழுந்துவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜைக்குக் கீழே இருந்த கையை வெளியே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். என்னைவிடச் சுத்தமாகச் சாப்பிட்டாள்.