ஸ்டெல்லா கவனக்குறைவால் சாகவில்லை

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் எங்கள் சாயப்பட்டறை லேபுக்கு வந்து, "ஸ்டெல்லா மேடம் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க" என்றார். அதே மூச்சில், "யாராச்சும் கேட்டா அவங்க கவனக்குறைவுன்னு சொல்லிருங்க" என்றார். அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் சாயத் தண்ணீரைச் சோதிக்கும் கெமிஸ்ட், அவ்வளவுதான். பதினோரு வருடம் அவர் என் பக்கத்து மேசை. அவிநாசிக்காரர். செல்போன் எல்லோர் கைக்கும் வந்த அந்த நாட்களில், ரிப்பேர் கடைகள் தூக்கிப்போடும் பேட்டரிகளைப் பை நிறைய அள்ளி வருவார். பேட்டரிக்குள் செம்புத் தகட்டில் கறுப்பாகப் பூசியிருப்பது கிராஃபைட். அதைச் சுரண்டி, அமிலத்தில் கழுவி, உலையில் சுட்டுச் சுத்தமாக்கினால் புது பேட்டரிக்கே மின்முனை செய்யலாம் என்றார். நான் சிரித்தேன். "சிரிங்க, சிரிங்க. சார்ஜ் நிக்கலீன்னா எல்லாமே செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லீங்க" என்றார்.

இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. முதலில் பூசியதெல்லாம் தகட்டில் ஒட்டாமல் உதிர்ந்தது. கடைசியில் கோவைக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு செல் செய்தார். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றி இறக்கியும் அது தாங்கியது. எனக்குப் போன் செய்து, "நிக்குதுங்க, சார்ஜ் நிக்குதுங்க" என்று அழுதார்.

அதன் பிறகுதான் அது முதலாளி கண்ணில் பட்டது. பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஷெட் போட்டு, பேட்டரி பிரிக்க ஆறு பெண்களை வைத்தார். ஸ்டெல்லா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பிரிக்கும் முன் ஒவ்வொரு பேட்டரியும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி, மிச்சச் சார்ஜ் இறங்க வேண்டும். இல்லையென்றால் தீப்பிடிக்கும்.

"ஊற வெச்சுட்டே இருந்தா வேலை எப்பங்க ஓடும்?" என்று எங்கள் லேபிலேயே கத்தினார் மேனேஜர்.

"பிரிக்கறது என்ற கையா இருந்தாக்கூட சரீன்னு போயிருவனுங்க. அந்தப் புள்ளைக கைங்க" என்றார் ஸ்டெல்லா. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கழுவிய சோதனைக் குழாயையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

சர்ச்சில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக ஸ்டெல்லா இரண்டு நாள் லீவு எடுத்தார். திரும்பி ஷெட்டுக்கு வந்தபோது, மேனேஜர் சொல்லித் தொட்டிகள் காலியாகியிருந்தன. ஊறாத பேட்டரிகளைப் பெண்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "நிறுத்துங்க!" என்று அவர் ஓடுவதற்குள் ஒன்று வெடித்துக் குவியல் முழுவதும் பற்றியது. ஐந்து பேர் வெளியே ஓடிவிட்டார்கள். பின்சுவர் ஓரம் சிக்கியவள் சிவகங்கையிலிருந்து வந்த முத்துமாரி. ஸ்டெல்லா உள்ளே போனார்.

"அக்கா என்னைய வெளிய தள்ளிவிட்டாங்கண்ணே. அவுங்க வரல" என்றாள் முத்துமாரி, நான் பார்க்கப் போனபோது, கட்டுப்போட்ட இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் போராடி ஸ்டெல்லா போய்ச் சேர்ந்தார்.

இரங்கல் கூட்டத்தில் மேனேஜர் படத்துக்கு மாலை போட்டு, "விதிங்க" என்றார். விதி தொட்டியைக் காலி செய்யாது. மனிதர்தான் செய்தார். அதைத் தடுத்திருக்கக்கூடிய இன்னொரு மனிதன் வாய்மூடி நின்றான். அது நான்.

நேற்று தொழிற்சாலை ஆய்வாளரிடம், லேபில் கேட்டது அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வேலை போகும், போகட்டும். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். அதை ஆறவிட மாட்டேன்.