ஏலியாஸ் விட்டுவைத்த ஒரு சாண்

ஓவியர் ஏலியாஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் படச்சட்டக் கடையின் மேசையில் அவருடைய புதிய படம் கிடந்தது. அவர் எழுதித் தந்த அளவுக்கே மரச்சட்டம் செய்திருந்தேன். இழுத்து ஆணியடிக்கப் பார்த்தால், துணி நீளத்தில் ஒரு சாண் குறைகிறது. அறுபது வருடமாகப் படம் வரைகிற மனிதருக்கு இன்னும் அளக்கத் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமை கண்காட்சி. வெள்ளி பின்னேரத்திலிருந்து ஆள் தொலைபேசியை எடுக்கவில்லை. சனிக்கிழமை எடுக்கவே மாட்டார், யூதர்களுக்கு அது ஓய்வு நாள். ஞாயிறு காலை மறுபடி அழைத்தபோது மகள் மிரியம் எடுத்தார். அப்பா வெள்ளிக்கிழமை நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டார் என்றார். வாய்வரை வந்திருந்த வசவை விழுங்கிக்கொண்டு நான் நின்றேன்.

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. நீலக் கம்பளித் தொப்பியோடு, ஆளுயரப் படம் ஒன்றைப் பிடித்தபடி, சுரங்க ரயிலின் கதவை மறித்துக்கொண்டு நின்ற கிழவர் என்றால் தெரியும். ஸ்டோவ்னர் பக்கம் போகிறவர்கள் எத்தனை பேர் அவரால் இறங்க முடியாமல் அடுத்த நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். வாடகைக்கு ஒரு வான் எடுக்கலாமே என்றால், படம் நாலு பேரோடு பயணம் செய்ய வேண்டும் என்பார்.

அவர் யூதர். போர்க்காலத்தில் அவருடைய தாய் அவரை வயிற்றில் சுமந்தபடி எல்லை கடந்து சுவீடனுக்கு ஓடியவர். பின்தங்கிய தாத்தாவும் பாட்டியும் வதைமுகாமுக்குக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள், திரும்பவில்லை. போர் முடிந்ததும் சிறு பிள்ளையாக ஒஸ்லோ வந்த ஏலியாஸ் வாழ்நாள் முழுக்க எபிரேய எழுத்துகளையே வரைந்தார். உலகம் எழுத்துகளால் படைக்கப்பட்டது என்று அவர்களுடைய மறைஞான நூல்கள் சொல்லுமாம். ஒரே எழுத்தை இருபது முப்பது தரம், ஒன்றின் மேல் ஒன்றாக, தீப்பிடித்த மாதிரி வரைவார். எனக்கு அந்த எழுத்துகளில் ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஆனாலும் சில படங்களை மேசையில் விரித்துவிட்டு நான் தேநீர் ஆறும்வரை நின்றிருக்கிறேன்.

இருபது வருடங்களுக்கு முன் முதல் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பொன்னிறப் படம். கீழ் மூலையில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு வெறும் துணி. மனிதர் அவசரத்தில் விட்டுவிட்டார் போல என்று நினைத்து, அந்த மூலை பின்பக்கம் மடியும்படி இழுத்து ஆணியடித்தேன். ஒருவருக்கும் தெரியாதபடி செய்துவிட்டேன் என்று பெருமை வேறு. அவர் வந்து பார்த்தார். என் இரும்புக் குறட்டை எடுத்து, என் கண் முன்னாலேயே ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார். எனக்கு வந்த கோபத்தில் கடையை விட்டுப் போகச் சொல்லியிருப்பேன். கடைசி ஆணியைக் கழற்றிய பிறகுதான் காரணத்தைச் சொன்னார். அவர் பேசியது நோர்வேஜிய மொழி. என் நினைவில் அது எங்கட தமிழாகவே இருக்கிறது.

“எங்கட ஆக்கள் வீடு கட்டினால், வாசலுக்கு நேரை இருக்கிற சுவரிலை ஒரு முழம் பூசாமல் விடுவினம். இடிஞ்சுபோன எங்கட பெருங்கோயிலை மறக்கக் கூடாதெண்டு. சுவருக்கு முழம். படத்துக்கு ஒரு சாண் போதும்.”

அதோடு விட்டாரா? கடவுள் எங்கும் நிறைந்திருந்தாராம், உலகத்துக்கு இடமே இருக்கவில்லையாம், அதனால் தன்னைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டு ஒரு வெற்றிடம் விட்டாராம், அதற்குள்தான் நாமெல்லாம் இருக்கிறோமாம். “இடம் விடாமல் ஒண்டும் பிறக்காது” என்றார். நான் மடித்த துணியை நிமிர்த்தி, மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

அவர் கொடுத்த தொல்லைக்கு அளவில்லை. விற்ற படத்தையும் சும்மா விடமாட்டார். ஒரு பல் வைத்தியர் அவருடைய படமொன்றை வாங்கித் தன் காத்திருப்பு அறையில் மாட்டியிருந்தார். பல்வலி என்று முன்பதிவு செய்து உள்ளே போன ஏலியாஸ், சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுத்துப் படத்தில் ஒரு கோடு சேர்த்துவிட்டு வந்தார். வைத்தியர் என்னை அழைத்துக் கத்தினார். சட்டம் போட்டவன் நான்தானே. ஏன் இப்படிச் செய்தீர் என்று ஏலியாஸிடம் கேட்டேன். “அது என்னைக் கூப்பிட்டது” என்றார். பல் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். பல் நல்லாயிருக்கிறதாம்.

எங்களுக்குள் நிசமான சண்டை வந்தது என் வீட்டில். குரோருட் அடுக்குமாடியில் வரவேற்பறைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தோம். அவர் வந்து, அவர்களுடைய உணவு விதிப்படி எதையும் தொடாமல், கண்ணாடிக் குவளையில் பால் விடாத தேநீர் மட்டும் குடித்தார். வாசலுக்கு நேரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் ஷெல் விழுந்து எங்கள் வீடு போனதை அவருக்கு ஒருமுறை சொல்லியிருந்தேன். “அந்த வீட்டுக்கு இஞ்சை எந்த இடத்தை விட்டனீர்?” என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. ஓட்டை பார்க்கவா நோர்வேக்கு வந்தனான் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். என் மனைவி வசந்தி குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு மாதம் கழித்து ஒன்றுமே நடக்காதவர் போல அடுத்த படத்தோடு கடைக்கு வந்தார். நானும் அளவு நாடாவை எடுத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மிரியம் கடைக்கு வந்தார். அப்பா ஒரு கட்டளை விட்டுப் போயிருக்கிறார் என்றார். முடியாத படம் எதுவும் இருந்தால் அதை ஒருவருக்கும் காட்டக் கூடாது, எரித்துவிட வேண்டும். மற்றப் படங்கள் எல்லாவற்றிலும் அந்த ஒரு சாண் வெறுமை இருக்கிறது. மேசையில் கிடந்த இந்த நீலப் படத்தில் மட்டும் இல்லை. நாலு ஓரமும் நிறைய நிறைய வர்ணம். அந்தச் சாண் இல்லாமல் அவர் எந்தப் படத்தையும் முடிந்தது என்று சொன்னதில்லை.

“நீங்கள்தான் அப்பாவின்ரை படமெல்லாம் சட்டத்திலை அடிச்சனீங்கள். சொல்லுங்கோ, இது முடிஞ்சுதா, இல்லையா?”

இப்படியொரு கேள்வியை என் தலையில் கட்டிவிட்டுப் போக அந்த மனிதரால்தான் முடியும். வெளிச்சம் மாற்றிப் பார்த்தேன், ஓரங்களை விரலால் தடவினேன். ஒரு நூல் அளவு வெறும் துணிகூட இல்லை. எரிக்கத்தான் வேண்டும் போலிருந்தது. நேரத்தைக் கடத்துவதற்காக அவர் எழுதித் தந்த அளவுத் துண்டை எடுத்து மிரியத்திடம் காட்டினேன். பாருங்கோ, உங்கட அப்பாவின் கணக்கை, எல்லாம் பிழை, சட்டத்தின் குறுக்குக் கட்டையைக்கூட அடியிலிருந்து ஒரு சாணில் போடச் சொல்லியிருக்கிறார், உலகத்தில் எவனாவது அதை நடுவில் போடாமல் அங்கே போடுவானா, நான்தான் திருத்தி நடுவில் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கட்டையைக் கழற்றி அவர் சொன்ன இடத்தில் வைத்தேன். துணியின் கீழ் ஓரம் நூல் பிடித்தது போல அதன் மேல் வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் சட்டம். தூக்கிக் கடைச் சுவரில் மாட்டினோம். அந்த இடைவெளிக்குள் என் கடையின் பழைய சுவர் தெரிந்தது. வெறுமையை இந்த முறை அவர் துணியில் விடவில்லை. மாட்டுகிறவரின் சுவரில் விட்டிருக்கிறார். ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார்.

“முடிஞ்சுது” என்றேன். மிரியம் கதிரையில் இருந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அதோடு சேர்ந்து அவர்மேல் அடங்காத எரிச்சலும் வந்தது. இருபது வருடத்துக்கு முன் மூலையை மடித்த அதே கை, அவருடைய கடைசிப் படத்தையும் திருத்தி, நெருப்புக்குக் கொடுக்கப் பார்த்ததே.

புதன்கிழமை படம் கண்காட்சியில் தொங்கியது. அவருடையது என்று என்னிடம் ஒரு படமும் இல்லை. என் வீட்டில் வைத்து அவர் கேட்ட கேள்விதான் இருக்கிறது. வியாழன் காலை, வீட்டு வாசலுக்கு நேரே உள்ள சுவரில், சுரண்டுகிற தகட்டால் சீமெந்து தெரியும்வரை ஒரு சாண் சதுரம் சுரண்டினேன். தூள் விழுந்த சத்தத்துக்கு வசந்தி வந்தாள். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அந்தச் சதுரத்தைப் பார்த்தாள்.

“படத்துக்குத்தான் சாண். சுவருக்கு முழம் எண்டெல்லோ அவர் சொன்னவரெண்டு நீங்கள் அண்டைக்கு வந்து சொன்னனீங்கள்.”

மூன்றாம் முறையும் என் அளவு பிழைத்திருந்தது. முழங்கையைச் சுவரில் வைத்து அளந்துவிட்டு, மிச்சத்தைச் சுரண்டத் தொடங்கினேன்.