ஆயில் லைட்டுக்கு வைத்த பொட்டு

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், என் பழைய அம்பாசிடரின் டேஷ்போர்டில் ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது.

உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பொறுப்பான ஆள் இந்த ரோட்டிலேயே கிடையாது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் வந்து பார்த்தார். ஆயில் அளவு சரியாகவே இருந்தது.

"லைட்டுக்குப் போற ஸ்விட்ச் போயிருக்கும் அண்ணாச்சி, சின்ன வேலைதான்" என்றார்.

ஸ்விட்சை மாற்றினார். லைட் அணையவில்லை.

பிறகு ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் ஆயில் பிரஷர் மீட்டரை மாட்டி என்ஜினை ஓடவிட்டார். முள் லேசாக ஆடிவிட்டுப் படுத்துக்கொண்டது; ஆயில் இருந்தும் என்ஜினுக்குள் ஏறவில்லை. அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வேறு.

"எப்பயிருந்து எரியுது?"

"இப்பத்தான். ஒரு மணி நேரம்கூட ஆகல."

அவர் குனிந்து, லைட்டைச் சுற்றி ஒட்டியிருந்த காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது என்னது?"

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. டேஷ்போர்டு முழுக்க நான்தான் சந்தனத்தை அள்ளி அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

"அண்ணாச்சி, லைட்டு இன்னைக்கு எரியல. பொட்டுதான் இன்னைக்கு உதிர்ந்திருக்கு. உள்ள எம்புட்டு நாளா எரியுதோ!"

ஆயுத பூஜை முடிந்து ஐந்து மாதம். இடையில் பிளவக்கல் அணைக்கே மூன்று தடவை போய்வந்துவிட்டேன்.

"என்ஜின் தேறுமா?" என்று கேட்டேன். அவர் சாவியை என் கையில் கொடுத்தார்.

நீங்கள் எதற்கெல்லாம் பொட்டு வைத்தீர்கள்? துடைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். நான் ஒருவன்தான் என்றால் தாங்காது.