இலவசமாகக் கிடைத்த ஆட்டம்

என் கணவருக்குக் கால் முறிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. மழை பெய்த ஒரு மாலை சேவூர் ரோட்டில் வண்டி சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு மாதம் காலை ஊன்றவே கூடாது என்றார்கள். விசைத்தறிக் கூடத்தில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துப் பழகியவர். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒரு ஸ்டூலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, டிவி சேனலை மாற்றுவதும் என்னைக் கூப்பிடுவதுமாக இருந்தார்.

நான் வீட்டிலிருந்தே பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். ஒரு பார்டரை முடித்துவிட்டு ஏதாவது பார்க்கலாம் என்று போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி கதை சொன்னாள். மற்ற நான்கு பேரும் அந்தக் கதைக்குள் இருக்கும் ஆட்கள். "நீங்கள் ஒரு பாழடைந்த கோட்டைக்கு முன்னால் நிற்கிறீர்கள், என்ன செய்வீர்கள்?" என்று அவள் கேட்கிறாள். ஒருவன் சுவரேறுகிறேன் என்கிறான், இன்னொருவன் கதவைத் தட்டுகிறேன் என்கிறான். செய்ய நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதற்குப் பகடை உருட்டுகிறார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. காலை ஊன்றாமல் விளையாடலாம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

தேடிப் பார்த்தேன். வேண்டியதெல்லாம் இலவசமாகவே கிடைத்தது. நூறு பக்கத்துக்கு மேல் விதிகள், கோட்டைகளின் வரைபடங்கள், ஆட்டக்காரர்களுக்குத் தயாராக எழுதி வைத்த ஆட்கள், பகடை உருட்டும் பக்கம், பொத்தானை அமுக்கினால் ஊர்ப்பெயரும் மனிதர்களின் பெயரும் கொடுக்கும் பக்கம். யாரோ முகம் தெரியாதவர்கள் ராப்பகலாக உட்கார்ந்து செய்து, எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கும் கொடுங்கள் என்று கீழே எழுதியும் வைத்திருந்தார்கள். எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு புதுப் பார்டர் போட்டால், புடவை கடைக்குப் போகும்வரை அதை ஒருவர் கண்ணிலும் காட்டமாட்டோம். என்னிடம் டிசைன் வாங்க வருகிறவர்கள் பென்டிரைவை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். விதிகளை மொழிபெயர்க்கும் செயலியில் போட்டேன். மந்திரம் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'எழுத்துக்கூட்டல்' என்று வந்தது; இங்கிலீஷில் இரண்டுக்கும் 'ஸ்பெல்' என்ற ஒரே சொல்தானாம். மந்திரவாதி தினமும் காலையில் எழுந்து எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்யவேண்டும் என்று படித்துவிட்டு, எதற்கு என்று அரைநாள் யோசித்தேன். ஆளின் விவரத்தாளான 'கேரக்டர் ஷீட்', 'குணப் படுக்கை விரிப்பு' ஆகியிருந்தது. பிறகு செயலியை விட்டுவிட்டு, வீடியோவில் அவர்கள் செய்வதைப் பார்த்துப் புரிந்துகொண்டதை நோட்டில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். வரைபடங்கள் மட்டும் எனக்குக் கஷ்டமாக இல்லை. கட்டம் கட்டமாக இருந்தன. புடவை டிசைன் போடுவதும் கட்டத்தில்தான், என் பிழைப்பே அது.

ஆட்டத்துக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவர் அவருடைய நண்பர், சேவூர்க்காரர், தறிகளில் டிசைன் விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியை ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். மூன்றாவது ஆள் அண்ணி, என் கணவரின் அக்கா.

அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரை எங்கள் ஊர்ப் பக்கத்துச் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் வீட்டை விட்டு இரண்டு முறை புறப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் முறை என் கணவர் மறுநாளே வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். இரண்டாம் முறை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அன்று வழிக்குப் புளிசாதம் கட்டிக்கொடுத்தது நான்தான். மூன்றாம் முறை அண்ணி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. செய்யாறில் செருப்புக் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை வாங்கிக்கொண்டு, எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது. வருவார், போவார், பண்டிகைக்குச் சேர்ந்து சாப்பிடுவோம். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுத்ததில்லை.

முதல் ஞாயிறு மதியம் தயாராக இருந்த ஆட்களின் தாள்களை மேசையில் பரப்பினேன். என் கணவர் வாள் வைத்திருந்த வீரனை எடுத்தார். மெக்கானிக் மந்திரவாதியை எடுத்தார். வைத்தியம் செய்யும் பெண் ஒருத்தி மிச்சமிருந்தாள், அதை அண்ணி பக்கம் தள்ளினேன். அவர் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த ஒரு தாளை உருவினார்.

"இவ இன்னா பண்றவ?"

"திருடி, அண்ணி."

"அப்ப இவளே இருக்கட்டும். நல்லவளா இருந்து இருந்து போரடிச்சுப்போச்சு."

இந்த ஆட்டத்துக்கு வேண்டிய இருபது முகப் பகடை எங்கள் ஆரணியில் எங்கே கிடைக்கும்? மெக்கானிக் ஒரு தளத்திலிருந்து வெட்டி ஒட்டும் மாதிரியை இறக்கி, கூடத்தில் பயன்படாமல் கிடந்த பழைய ஜக்கார்டு அட்டையில் ஒட்டி ஒன்று செய்துகொண்டு வந்தார். அது எப்படிப் போட்டாலும் பதினொன்றில் போய்ச் சாய்ந்தது. கடைசியில் போனிலேயே உருட்டினோம்.

நான்கைந்து வாரம் நன்றாகப் போயிற்று. என் கணவர் எதிரில் வந்த எல்லாரையும் வெட்டினார். மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் விதி கேட்டார். அண்ணி அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் பேசும்போது ஆட்டம் திரும்பும். காவல்காரனை வெட்டாமல், அவன் தூங்குவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார்.

பிறகு முகூர்த்த மாதம் வந்தது. டிசைன் வேலை கழுத்தை நெரித்தது. அந்த ஞாயிறு கதை யோசிக்க எனக்கு நேரமில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, பொத்தானை அமுக்கினால் கதை கொடுக்கும் பக்கத்தைத் திறந்தேன். வந்ததை யோசித்துப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஊர் ஜமீன்தார் உங்களைக் கூப்பிட்டு அனுப்புகிறார்," என்று ஆரம்பித்தேன். "அவர் மனைவி வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டாள். தேடிப் பிடித்துக் கொண்டுவந்து விட்டால் வெகுமதி தருவதாகச் சொல்கிறார்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்குக் கேட்டது. அண்ணி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவருக்கு எதுவும் உறைத்ததாகத் தெரியவில்லை.

"ஈஸியான வேலை," என்றார். "ஜல்தியா போய் இட்டாந்து வுட்ருவோம்."

வேறு கதைக்கு மாற்றியிருக்கலாம். ஏன் மாற்றவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். மாற்றினால் ஏன் மாற்றுகிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆட்டம் தொடர்ந்தது. ஊராரை விசாரித்தார்கள், ஆற்றோரமாக நடந்தார்கள், பாழடைந்த மாவு ஆலை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மனைவி அதற்குள் ஒளிந்திருப்பதாக நோட்டில் இருந்தது.

"மொதல்ல நான் மட்டும் உள்ள போறேன்," என்றார் அண்ணி. பகடை உருட்டினார். சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

இந்த ஆட்டத்தில் கதை சொல்கிறவர்தான் எதிரில் வரும் எல்லாராகவும் பேசவேண்டும். அதனால் ஓடிப்போன மனைவியாக நான் பேசவேண்டியிருந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா வந்துட்ட?"

கதை கொடுத்த அந்த இணையப் பக்கத்தில் இருந்தது இரண்டே வரிதான். அவள் ஏன் ஓடினாள் என்று அதில் இல்லை. நான் சொந்தமாகச் சொல்லவேண்டும். ஐந்து வருடமாக அண்ணியிடம் நான் கேட்காத கேள்வி அது. கடைசியில் இப்படிச் சொன்னேன்:

"இதுவரைக்கும் யாரும் என்னை இதைக் கேக்கலைங்க. அதனால பதில் எதுவும் யோசிச்சு வெக்கல."

அண்ணி தலையை ஆட்டினார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நான் கதவாண்ட நிக்கிறேன். உன் ஆளு உள்ள வரக்கூடாது."

"இன்னாக்கா, இட்டுகினு போறதுக்குத்தானே வந்தோம்?"

"வரக்கூடாதுன்றேன்."

"வெளையாட்டுக்கா."

"ஆமா, வெளையாட்டுலதான் சொல்லிகினு இருக்கேன். ரெண்டு வாட்டி என்னைக் கொண்டுபோய் வுட்டியே, ஏன் வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா?"

குரலை உயர்த்தவில்லை. கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். மெக்கானிக் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனார். அவர் முன்னால் சொம்பில் தண்ணீர் இருந்தது.

என் கணவருக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். எங்கள் கல்யாணத்திலிருந்து நான் பார்ப்பது அதுதான். அன்று அவருடைய கால் ஸ்டூலின் மேல் மாவுக்கட்டோடு இருந்தது. ஊன்றுகோல் மூலையில் சாத்தியிருந்தது. அதை யாராவது எடுத்துக் கொடுக்கவேண்டும். என்னைப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அண்ணிதான் பதில் சொன்னார்.

"உன் ஆளு இன்னா பண்ணுவான்னு நீதான் சொல்லணும்."

என் கணவர் தன் தாளைக் கையில் எடுத்து, அதில் பதில் எழுதியிருப்பதைப் போலப் பார்த்தார்.

"வெளிய நிக்கிறான்."

"எதுக்கு?"

"ஜமீன்தார் ஆளுங்க வந்தா, இங்க யாரும் இல்லன்னு சொல்றதுக்கு."

பொய் பலிக்குமா என்று பார்க்கப் பகடை உருட்டவேண்டும். உருட்டினார். இருபதுக்கு நான்குதான் விழுந்தது. ஜமீன்தார் ஆட்கள் நம்பவில்லை. சண்டை மூண்டதும் மெக்கானிக் சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு, மந்திரம் போட முறை யாருடையது என்று கேட்டார். என் கணவரின் வீரனுக்கு, தீர்ந்தால் சாகவேண்டிய உயிர்ப்புள்ளியில் இரண்டே இரண்டுதான் மிஞ்சியது. அந்தப் பெண் ஆற்றைக் கடந்துவிட்டாள். வெகுமதி கிடைக்கவில்லை. அண்ணி டீ குடித்துவிட்டு, நாளைக்கு முதல் ஷிப்ட் என்று சொல்லிப் புறப்பட்டார்.

அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஞாயிறு காலை என் கணவரே கேட்டார்: "இன்னைக்கு ஆட்டம் இல்லியா?" மதியம் எல்லாரும் வந்தார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரம் அண்ணி எங்கள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் மெதுவாக நடந்து பழகிக்கொண்டே, அண்ணியின் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"ரெண்டாவது வாட்டி நீ பஸ்ல அழுதுகினே வந்த. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்டா," என்றார் அண்ணி. மடிப்பதை நிறுத்தவில்லை.

அது மன்னிப்பா, அதற்கு அண்ணி சொன்னது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவரும் அதற்குமேல் பேசிக்கொண்டதாகவும் தெரியவில்லை. ஆனால் அன்று சாப்பிட்டுவிட்டுப் போகும்படி என் கணவர் அவரைக் கூப்பிட்டார். வழக்கமாகக் கூப்பிடுவது நான்.

கால் சரியானதும் என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். ஞாயிறுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. ஆட்டம் முடிந்தது என்று நான் நோட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு நாள் அண்ணி வந்து அதைக் கேட்டார்.

"பஸ்ல சொல்லிகினு இருக்கேன்," என்றார்.

கம்பெனி பஸ் செய்யாறு போய்ச் சேர ஒரு மணி நேரம் பிடிக்கும். பின்சீட்டில் உட்காரும் தையல் பிரிவுப் பெண்கள் நான்கு பேருக்கு அண்ணி கதை சொல்ல ஆரம்பித்திருந்தார். மேசை இல்லை, வரைபடம் இல்லை. பகடை போனில். போகும்போது பாதி, வரும்போது பாதி. முன்சீட்டுப் பெண்கள் திரும்பி உட்கார்ந்து கேட்பதாகவும், அவர்களில் இரண்டு பேர் தங்களுக்கும் ஆள் வேண்டும் என்று சண்டை போட்டதாகவும் சொன்னார்.

"எல்லாரும் திருடியே கேக்குறாளுங்க. ஒருத்தியும் வைத்தியக்காரி ஆவமாட்றா. பேஜாரா கீது."

நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது போதாது என்றார். பாதி இங்கிலீஷ், பாதி என் கிறுக்கல். இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். விதிகளை நான் சொல்வேன். அது பஸ்ஸில் நடக்குமா நடக்காதா என்று அவர் சொல்வார். நடக்காதவற்றை அடித்தோம். நூறு பக்கம் பன்னிரண்டு பக்கம் ஆனது. எடுத்தவர்கள் மாற்றலாம், கொடுக்கலாம் என்று கீழே எழுதியிருந்ததால் எங்களுடையதையும் இணையத்தில் ஏற்றிவிடலாம் என்றேன். ஏற்றுவதற்கு முன் என் கை கொஞ்சம் தயங்கியது. தொழில் பழக்கம். கடைசிப் பக்கத்தில் அந்த வரியை நாங்களும் தமிழில் எழுதினோம்.

யார் எடுக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. போன மாதம் ஒரே ஒரு கேள்வி வந்தது. எழுதியவர் எந்த ஊர் என்று குறிப்பிடவில்லை. ஆட்டக்காரர் யாரையும் அடிக்க மறுத்தால், கதை சொல்கிறவர் என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருந்தார். போனை அண்ணியிடம் காட்டினேன். அவர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தலையில் பூ வைத்துக்கொண்டே சொன்னார், நான் தட்டினேன்:

"அவங்க இன்னா பண்றாங்களோ அதைப் பண்ணவுடுங்க. எதிர்ல நிக்கிறவன் இன்னா சொல்றான்னு மட்டும் நீங்க சொல்லுங்க."