கழுவக் கூடாத கிளாரினெட்

பித்தளைக் குழலை விடியற்காலையில் உதட்டில் வைத்தால் முதலில் வருவது சத்தம் அல்ல, ருசி. புளிப்பும் குளிர்ச்சியுமான அந்த ருசியோடு, ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்கு அப்பாலிருந்த, தோல் பதனிடும் “தோல்ஷாப்பு”த் தொட்டிகளின் ஆவாரம்பட்டை நாற்றமும் கலந்து வரும். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டுத்தான் பேண்டுப் பையன்கள் எட்டுப் பேரும் ஊதத் தொடங்குவோம்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கார்னெட் என்ற அந்தப் பித்தளைக் குழலில் முதல் ஆள் நான்தான் என்பதால், புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையையும் பேண்டு மாஸ்டர் என் தலையில் கட்டியிருந்தார். பட்டாளத்தில் ஊதி ஓய்வு பெற்று வந்த அவருக்கு, புதுப் பையன்களின் பீப்பீ சத்தத்தைச் சகிக்கும் பொறுமை கிடையாது. அப்படி என்னிடம் வந்து சேர்ந்தவன் தாவீது. தோல்ஷாப்பில் தோல் சீவுகிறவரின் மகன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். மூன்றே மாதத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று இரண்டாம் கார்னெட்டைப் பிசகாமல் ஊதினான். எல்லாரும் என்னைத்தான் மெச்சினார்கள், நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஆனால் அவன் மனம் கார்னெட்டோடு நிற்கவில்லை. பேண்டு அறை அலமாரியில் ஊத ஆளில்லாமல் ஒரு கிளாரினெட் கிடந்தது. கறுப்பு மரக்குழல், துளைகளை மூடச் சின்னச் சின்ன வெள்ளை மூடிகள், ஒவ்வொரு மூடிக்கும் அடியில் வட்டமாக வெட்டி ஒட்டிய மெல்லிய தோல். “ஊதிப் பாக்கட்டுமாண்ணா?” என்று தினமும் நச்சரிப்பான். “உதடு கெட்டுப்பூடும்டா, மொதல்ல இத ஒழுங்கா ஊது” என்று, மாஸ்டர் என்னிடம் சொன்னதையே நான் அவனிடம் சொல்வேன். உண்மைக் காரணம் வேறு. அவன் போய்விட்டால் பக்கத்தில் நிற்க ஆளில்லை என்பது ஒன்று. என்னிடம் கற்றவனுக்கு எனக்குத் தெரியாத ஒன்று வந்துவிடுமே என்ற வயிற்றெரிச்சல் இன்னொன்று. கடைசியில் அவன் மாஸ்டரிடமே போய்க் கேட்டான். அவரும் மனமிரங்கி, “கிறிஸ்துமஸ் வரைக்கும் வெச்சுப் பழகு. வந்தா உன்னை அதுக்கே மாத்திடறேன். வரலைன்னா மறுபடியும் கேக்கக் கூடாது” என்று எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமைதோறும் வாத்தியங்களைக் கிணற்றடியில் புளி போட்டுத் தேய்த்து, உள்ளே தண்ணீர் ஊற்றி அலசி, வெயிலில் காயவைப்பது எங்கள் வழக்கம். கிளாரினெட் கைக்கு வந்த முதல் சனிக்கிழமை தாவீது அதை மட்டும் கழுவாமல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னாடா, கழுவணும்னு தெரியாதா உனக்கு?” என்றேன்.

“இதுல தோல் ஒட்டிக்கீதுண்ணா. தண்ணி பட்டா ஊறிப்பூடும், வெயில்ல வெச்சா வெறச்சிக்கும். எங்கப்பா ஷாப்புல பாத்திருக்கேன்.”

“வாத்தியத்தப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா? கழுவுடா.”

மரக்குழலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரிந்தும் இருந்தது. சொல்லிக் கொடுத்தவன் பேச்சைத் தட்டக் கூடாது என்று அவன் அதை வாளித் தண்ணீரில் முக்கினான். சாயங்காலம் எடுக்கப் போனபோது தோல் வட்டங்கள் சுருண்டு விறைத்துக் கிடந்தன, மரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது.

“யார் சொல்லிக் கழுவின?” என்று மாஸ்டர் கேட்டார். தாவீது என்னை ஒரே ஒரு முறை பார்த்தான். “நானாத்தான் சார்” என்றான். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் மாஸ்டர் என் காதைத் திருகியிருப்பார், அவ்வளவுதான். அதற்குக்கூடத் துணியாத கோழையாக இருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் அவனை அடிக்கவில்லை, பேண்டைவிட்டு நிறுத்திவிட்டார். பத்து நாளில் அவன் பள்ளிக்கூடத்துக்கு வருவதும் நின்றது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் மிக நன்றாக ஊதினேன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

முப்பது வருஷம் கழித்து, சென்ற மாதம் ஒரு கலியாணத்துக்காக ஆம்பூர் போயிருந்தேன். பேண்டு கலைந்து வெகுகாலமாகிவிட்டது. பேண்டு அறையைத் தோல்ஷாப்புக்கு விட்டு, அதில் இப்போது உப்புத் தோல் அடுக்கியிருக்கிறார்கள், கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். வாசலில் வண்டியிலிருந்து தோல் இறக்க ஆட்களை ஏவிக்கொண்டிருந்த மேஸ்திரி, தாவீது. அவன்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டான். பாதி நரைத்த தலையோடு “அண்ணா” என்று அவன் கூப்பிட்டதும், இத்தனை வருஷம் சொல்லாததை அங்கேயே நின்று சொல்லி, மன்னிப்பும் கேட்டேன்.

“வுடுங்கண்ணா” என்றான். “நீங்க மாஸ்டராண்ட சொல்லுவீங்கன்னு பத்து நாளும் இந்த வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன். அப்பறம் எங்கப்பா ஷாப்புக்கு இட்டுக்கினு போய்ட்டாரு.”

அவனே, “கார்னெட்டு இன்னும் ஊதறீங்களாண்ணா?” என்று கேட்டான்.

குமாஸ்தா வேலை கிடைத்த வருஷமே விட்டுவிட்டேன் என்றேன்.

அதுவரை வாடாத அவன் முகம் அப்போதுதான் வாடியது. “நீங்களாவது ஊதிக்கினு இருக்கீங்கன்னுல்ல நெனச்சிருந்தேன்” என்றான்.